261-ஆம் நம்பர் ஈஸ்வரி

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஈஸ்வரி முதலில் அதைப் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். ரேஷன் ரசீது, கல்யாணப் பத்திரிகை, எளாவூர் செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் நாஷ்டா கட்டிக் கொடுத்த தாள், எதுவானாலும் சரி. ரப்பர் ஸ்டாம்பு விழுந்திருக்கிறதா, தேதி இருக்கிறதா, தேதிக்கு மேல் யாராவது கிறுக்கியிருக்கிறார்களா என்று கண் தேடும். எண்ணெய்க் கறையைத் தவிர ஒன்றும் இல்லையென்றால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இட்லியைச் சாப்பிடுவாள். "முன்னாடி எழுதுறதுல்லாம் கதை. பின்னாடி குத்துறதுதான் நெசம்" என்பாள்.

வயது நாற்பத்து மூன்று. எட்டாவது வரை படிப்பு. எளாவூருக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே, ரயில் பாதையிலிருந்து கிழக்கே ஒதுங்கிய கொண்டலம்பேட்டில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை அவள் பேரில் இருக்கிறது. கணவன் சந்திரமோகன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவர் கழித்துப்போடும் கம்பெனி பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்து மாட்டிக்கொண்டுதான் அவள் வரப்பில் நடப்பாள். பாம்புக்குப் பயம் என்று சொல்வாள். ஆனால் அதே பூட்ஸோடு தாலுகா ஆபீஸுக்கும் போவாள். அங்கே நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா நம்பள மறந்துடுவாங்கோ. நின்னுகினே இருந்தா, இன்னாடா இது பேஜாருன்னு சீக்கிரம் அனுப்புவாங்கோ." பேச்சு 'சார்' என்று ஆரம்பிக்கும். சூடு ஏறினால் 'சார்' போய் 'நைனா' வரும். அந்த 'நைனா' காதில் விழுந்ததும் பழகிய கிளார்க்குகள் மேஜை இழுப்பறையைச் சாத்திக்கொள்வார்கள்.

இத்தனை ஆபீஸ்களை அவளுக்குப் பழக்கியது ஒரு மண்மேடு.

ஊருக்குத் தெற்கே இரண்டு ஏக்கருக்கு உயர்ந்து கிடக்கும் அதற்குச் சட்டிமேடு என்று பெயர். ஒரு மழை பெய்தால் போதும், சிவப்பும் கறுப்புமாகப் பானை ஓடுகள் மேலே வந்து நிற்கும். 2001 கோடையில் சென்னையிலிருந்து அகழாய்வுக்காரர்கள் வந்து அங்கே கூடாரம் போட்டார்கள். தலைவர் தானியேல் என்பவர். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். கூடை சுமக்கவும் ஓடு கழுவவும் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். ஈஸ்வரியும் போனாள்.

மூன்று குழிகள் தோண்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய குடியிருப்பு மெல்ல மேலே வந்தது. செங்கல் பாவிய தரை, சுடுமண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறு, நெல் கொட்டி வைத்த குழிகள், கப்பலில் வந்து பழவேற்காட்டுப் பக்கம் இறங்கியிருக்க வேண்டிய பச்சைப் பீங்கானின் சில்லு. "கோயிலும் கல்வெட்டும் நிறைய கிடைச்சிருக்கு. சாதாரணக் குடியானவங்க வாழ்ந்த வீடு இப்படி முழுசா கிடைக்கிறதுதான் அபூர்வம்" என்று தானியேல் ஒரு நாள் கூடைக்காரப் பெண்களிடம் சொன்னார். ஈஸ்வரி அன்றைக்குத் தன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது மண்.

இரண்டாவது குழியில் ஓர் அடுப்பு இருந்தது. மூன்று குமிழ் வைத்த மண் அடுப்பு. உள்ளே சாம்பல் கெட்டியாகிக் கிடந்தது, பக்கத்தில் மீன் முள். அடுப்பின் வாய் ஏன் மேற்கே திரும்பியிருக்கிறது என்று தானியேல் யோசித்துக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி மேலே நின்றபடியே சொன்னாள்: "கடக்காத்து கெழக்கேர்ந்து அடிக்கும் சார். வாய அந்தப் பக்கம் வச்சா காத்து உள்ள பூந்து தணல வாரி எறைக்கும். எங்க ஊட்லயும் இப்டித்தான் வச்சிக்கீறேன்." அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஈஸ்வரி அந்தக் குழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவ' என்றுதான் சொல்வாள். அவ அம்மி வச்ச எடம். அவ தண்ணி மொண்ட கெணறு.

கூடாரம் பிரிந்தது. குழிகளை மணல் போட்டு மூடினார்கள். சட்டிமேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கும்படி எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டு தானியேல் போனார். அடுத்த வருடமே ஓய்வு பெற்று எங்கோ தெற்கே மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார்.

அறிவிப்பு 2004-இல் வந்தது. ஒரு வேனில் நாலு பேர், நீல நிறத் தகரப் பலகை, சிமெண்ட் மூட்டை. அவர்களுக்கு இடம் காட்ட வந்தவர் கிராமத் தலையாரி குப்புராஜ். சட்டிமேட்டைத் தாண்டி வேன் போவதைக் களையெடுத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி பார்த்தாள். அது நேராக அவள் வரப்பில் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவள் நிலத்திலேயே குழி பறித்தார்கள்.

"இன்னாபா, மேடு அங்க கீது. இங்க இன்னாத்துக்கு நோண்டுறீங்கோ?"

குப்புராஜ் கையிலிருந்த ஆணையைக் காட்டினார். "சட்டிமேடு எரநூத்திப் பதினாறு. இதுல எரநூத்தி அறுவத்தி ஒண்ணுன்னு போட்டுக்கீது. எரநூத்தி அறுவத்தி ஒண்ணு உன்னுதுதான்."

"உனக்குத் தெரியாதா அண்ணே எது மேடுன்னு?"

"எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலயே" என்று காகிதத்தைத் தட்டினார்.

216-க்குப் பதில் 261. எங்கோ ஒரு விரல் இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்திருந்தது. பலகை நின்றது. இது பாதுகாக்கப்பட்ட பழைமைச் சின்னம், இங்கே தோண்டுபவர், சேதப்படுத்துபவர் தண்டிக்கப்படுவர் என்று வெள்ளை எழுத்தில் மின்னியது. கீழே நண்டு வளையும் சேறும்தான் இருந்தன. ஊரே சிரித்தது. ஈஸ்வரியும் சிரித்தாள். நாலு நாளில் வந்து மாற்றி நட்டுவிடுவார்கள் என்று அவள் நம்பினாள்.

அந்தப் பருவம் டிராக்டர் வந்தபோது குப்புராஜே ஓடிவந்து நிறுத்தினார். உழவும் தோண்டுவதில் சேருமா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். பதில் வர ஆறு மாதம் ஆனது. உழலாம், ஆழம் ஓரடியைத் தாண்டக்கூடாது என்று வந்தது. அதற்குள் பருவம் போய் நிலம் கோரை மண்டிக் கிடந்தது. மறு வருடம் ஏரி வற்றிப் போர் போட வண்டியை வரவழைத்தாள். அதையும் நிறுத்தினார்கள். சுற்றிலும் கம்பெனிகள் எழுந்துகொண்டிருந்தன, ஒவ்வொரு சுற்றுச்சுவருக்குள்ளும் இராப்பகலாகத் துளை போட்டுத் தண்ணீர் உறிஞ்சினார்கள். அவர்களை எந்த ஆணையும் தடுக்கவில்லை. தன் பயிர் தன் கண் முன்னால் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஈஸ்வரி வரப்பில் நின்றாள். சந்திரமோகன் சமாதானம் சொன்னார். "உடுடீ. ஒரு போகம் போனாப் போவுது." "போகம் போவலய்யா. நாயம் போவுது" என்றாள்.

மனு எழுதத் தொடங்கியது அப்போதுதான். திங்கட்கிழமைகளில் கவரப்பேட்டை, பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போவாள். மனு வாங்குவார்கள், ஸ்டாம்பு குத்துவார்கள், தாலுகாவுக்கு அனுப்புவார்கள். தாலுகாவில் இது நம்முடையதல்ல, சென்னையிலிருக்கும் தொல்லியல் துறையுடையது என்பார்கள். சென்னையில், சர்வே எண் சரியா என்பதைத் தாலுகாதான் சொல்ல வேண்டும் என்பார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி அவள் நில அளவைப் படம் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று சர்வேயருக்கே சொல்லும் அளவுக்கு ஆனாள். அதனால் அவளைப் பார்த்தாலே சர்வேயர் டீ குடிக்கப் போய்விடுவார்.

2006 மாசி மாதம் சட்டிமேட்டின் மேல் ஜேசிபி ஏறியது.

மேட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். பள்ளமான மனை ஒன்றை நிரவுவதற்கு மண் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு அதை விற்றுவிட்டார். மண் எடுக்கும் காண்டிராக்ட் சுப்பிரமணி என்பவருக்கு. 216-இல் அரசாங்கக் காகிதப்படி ஒன்றும் கிடையாது. வெறும் மேடு. லாரிகள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறி, எளாவூரில் மறித்து நிற்கும் நூற்றுக்கணக்கான லாரிகளோடு கலந்துவிட்டால் எது மண் லாரி, எது மாவு லாரி என்று யாருக்கும் தெரியாது.

ஈஸ்வரி ஓடியபோது உறைகிணறு பாதி வெட்டுப்பட்டு நின்றது. சுடுமண் வளையங்கள் ஒரு பக்கம் அறுந்து, சங்கிலிபோல மண்சுவரில் தொங்கின. ஜேசிபி ஓட்டியவன் பழவேற்காட்டைச் சேர்ந்த ரஷீத். முப்பது வயதிருக்கும். அவள் கத்துவது கேட்டு எஞ்சினை அணைத்தான்.

"நிறுத்துப்பா! கீழ ஊடு கீது!"

"ஊடா? யாரு ஊடுக்கா?"

"ஆயிரம் வருசத்து ஊடு. நான் கூட நின்னு தோண்டிப் பாத்துக்கீறேன்."

அவன் இறங்கி வந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். பக்கெட்டின் பல்லில் ஒட்டியிருந்த சில்லை எடுத்துத் துடைத்தான். "எனக்கு இன்னாக்கா தெரியும்? மண்ணு அள்ளுன்னாங்கோ, அள்றேன். நிறுத்துன்னு ஒரு பேப்பரு காட்டு, நிறுத்திடுறேன். பேப்பரு இல்லாம நான் நிறுத்துனா நாளைக்கி வேற ஆளு வந்து அள்ளுவான்."

மறுநாள் காலை அவள் ஒரு சிமெண்ட் சாக்கில் பானை ஓடுகளையும், உடைந்த வளையத் துண்டு இரண்டையும் கட்டிக்கொண்டு ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். துறையின் ஆபீஸில் மாடிப்படி ஏறி, அங்கிருந்த கிளார்க்கின் மேஜைக்கு எதிரே சாக்கைப் பிரித்து வைத்தாள்.

"எங்கேர்ந்து எடுத்தது இது?"

"சட்டிமேட்ல சார்."

"பாதுகாக்கப்பட்ட இடத்துலேர்ந்து ஒரு சில்லு எடுத்தாலும் குற்றம், தெரியுமா?"

"அது பாதுகாக்காத எடம் சார். நீங்க பாதுகாக்குறது என் கழனிய. அதுல நண்டுதான் கீது."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். 216 அதில் இல்லை. அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. அதனால் அவருக்கு ஒரு நிம்மதியும் வந்தது. "அப்ப இது எங்க லிஸ்ட்லயே இல்லையேம்மா. எங்க லிஸ்ட்ல இல்லாததை இங்கே எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"உடைக்கிறாங்கோ நைனா! இப்ப, நான் இங்க நிக்கிற நேரத்துல உடைச்சிகினு கீறாங்கோ!"

"மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சாக்கை எடுத்துக்குங்க."

மனுவை எழுதினாள். அந்தத் துறைக்கு மட்டும் அது மூன்றாவது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். எடுத்த இடத்திலேயே அதைக் கொட்டினாள். லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்கடுத்த வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, சந்திரமோகனின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் தன் நிலத்துக்குப் போனாள். பலகையின் இரும்புக் கால்கள் சிமெண்டில் இறுகியிருந்தன, அவற்றை அசைக்க முடியாது. தகரத்தைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டுகளில் நாலு சுலபமாகக் கழன்றன. துருப்பிடித்த இரண்டு அவள் விரல் தோலை உரித்தன. கழற்றிய பலகையைத் தலையில் வைத்தாள். ஆறடி நீளம். எழுத்து வானத்தைப் பார்த்திருந்தது. நடவுக்குப் போன பெண்கள், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் பார்க்க, பூட்ஸ் காலோடு வரப்பு வரப்பாக நடந்து சட்டிமேட்டுக்குப் போய் ஜேசிபியின் முன்னால் அதை நிறுத்தினாள்.

ரஷீத் எழுத்துக் கூட்டி வாசித்தான். கடைசி வரிவரை வாசித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், ரத்தம் கசியும் விரல்களைப் பார்த்தான். சாவியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டான். "கவர்மெண்டு போர்டுக்கா. இதுக்கு மேல பக்கெட்ட எறக்குனா என் லைசென்ஸு பூடும்" என்று லாரிக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்.

சுப்பிரமணி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மிரட்டினார். ரஷீத் அசையவில்லை. போர்டை அப்புறப்படுத்தச் சொன்னார். அரசாங்கப் போர்டைத் தொட லாரிக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. ஒன்பது லாரிகள் காலியாக நின்றன. சாயங்காலம் போலீஸ் வந்தது. ஈஸ்வரியின் மேல் வழக்கு. அரசுப் பலகையைச் சேதப்படுத்தி இடம் மாற்றியது குற்றம்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஜீப் வந்தது. தங்கள் பலகை பெயர்க்கப்பட்டது என்று போலீஸ் எழுதிக் கேட்டால் துறை பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஈஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதைப் பார்த்துத்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். "ஆயிரம் வருசத்து ஊடு அங்க கீதுன்னு மூணு தபா எழுதுனேன். ஒரு ஈ வரல. ஒரு தகரம் எடம் மாறுச்சு, ஜீப்புல நாலு பேரு வந்துட்டாங்கோ!"

வந்தவர்களில் மூத்தவர் அருணாச்சலம் என்ற அதிகாரி. நல்ல மனிதர். மேட்டைச் சுற்றி நடந்தார். தொங்கும் வளையங்களைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜீப்பின் பானட்டின் மேல் தானியேலின் அறிக்கையையும் ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டைப்பிங் மிஸ்டேக்கும்மா" என்றார் மெதுவாக.

"தெரியுது நைனா. தட்டுனவன் மேல இன்னா கேஸு?"

அவர் இரண்டு காகிதங்களையும் மடித்துப் பையில் வைத்தார். ஆனால் மேட்டில் கை வைக்கக்கூடாது என்று அன்றைக்கே கலெக்டர் ஆபீஸுக்கு எழுதி நிறுத்தினார். அந்த மட்டுக்கும் செய்தார். அதற்குள் மேட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. உறைகிணறும் அந்தப் பங்கில்தான் இருந்தது. இரண்டு எண்களைத் திருப்பிப் போடப் பதினாலு மாதம் பிடித்தது. பிழைத்திருத்தம் வெளியான பிறகுதான் ஈஸ்வரியின் நிலத்தில் போர் வண்டி நுழைந்தது. நூற்றிருபது அடியில் உப்பில்லாத தண்ணீர் வந்தது. நெல் விளைகிறது. ரஷீத் வேலை போய், இப்போது எண்ணூர்ப் பக்கம் வள்ளூரில் மின்நிலையம் கட்டுகிற இடத்தில் வண்டி ஓட்டுகிறான். எப்போதாவது போன் செய்து, "மேடு கீதாக்கா?" என்று கேட்பான்.

வழக்கு மட்டும் முடியவில்லை. மாதம் ஒரு வாய்தா. வக்கீல் ஆசீர்வாதம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்: ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் அபராதத்தோடு தீர்ந்துவிடும். "கழட்டுனேன்னு எழுதுங்க சார், கையெழுத்து போடுறேன். தப்பு பண்ணேன்னு எழுதாதீங்க, போட மாட்டேன்" என்கிறாள். கோர்ட்டிலும் அவள் உட்காருவதில்லை.

போன ஆனி மாதம் சட்டிமேட்டில் புதுப் பலகை நட வந்தார்கள். இந்த முறை எண் சரியாக இருந்தது. பழைய குழிகள் எங்கே இருந்தன என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டுமென்று அருணாச்சலமே ஈஸ்வரியை வரச் சொல்லியிருந்தார். அவள் வருவதற்குள், சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து, மேட்டின் உச்சியில் ஒரு கூலியாள் கடப்பாரையால் குழி போட ஆரம்பித்துவிட்டான். அவள் ஏறி வந்தபோது முழங்கால் ஆழம் ஆகியிருந்தது. கடப்பாரை முனையில் செங்கல் பொடி ஒட்டியிருந்தது.

"இன்னாபா பண்ற?"

"போர்டு நடுறேன்மா."

"கீழ அவ ஊடு கீது. இது ரெண்டாவது குழி, அவ அடுப்பு வச்ச எடம்."

கூலியாள் திரும்பி அதிகாரியைப் பார்த்தான். அருணாச்சலம் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "இன்னும் அரையடிதாம்மா. காங்கிரீட் போடணும், இல்லேன்னா காத்துக்கு நிக்காது" என்றார். கூலியாள் கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

ஈஸ்வரி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு குழிக்குள் இறங்கி நின்றாள்.